இலை நிறம் பார்க்க ஆர்.வி.யில் போகிறீர்களா? முதலில் உயரத்தை அளந்துகொள்ளுங்கள்

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மலைச் சாலையோரம், படுக்கையும் அடுப்பும் கழிப்பறையும் உள்ள வீட்டு வண்டியான ஆர்.வி.யை நிறுத்தியிருக்கிறோம். உள்ளே சின்ன அடுப்பில் அம்மா காபி கலக்கிறார். ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரங்கள் குங்குமமும் மஞ்சளும் கொட்டியதுபோல் நிற்கின்றன. மூன்று வருடமாக நான் கற்பனை செய்துவைத்திருந்த காட்சி இது. போன அக்டோபரில் அது கிடைத்தது. ஆறு நாள் பயணத்தில் சுமார் நாற்பது நிமிடம்! மீதி நேரமெல்லாம் பாலத்தின் உயரம், கழிவுக் குழாய், வாடகை நிறுவனத்தின் பொடி எழுத்து என்றே போயிற்று. அந்த நாற்பது நிமிடம் உங்களுக்கு நான்கு நாட்களாக நீளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் நியூ ஜெர்சியிலிருந்து கிளம்பி வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களைச் சுற்றி வந்தோம். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, ஆக ஐந்து பேர். ஓட்டியது நான். முன்பின் ஆர்.வி. ஓட்டியதில்லை.

1. தேதியைத் துரத்தாதீர்கள், உயரத்தைப் பிடியுங்கள்

எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, நிறம் உச்சத்தில் இருக்கும் நாள் எது என்பது. அப்படி ஒரு நாள் கிடையாது. வடக்கிலிருந்து தெற்காகவும் மலையுச்சியிலிருந்து பள்ளத்தாக்கு நோக்கியும் நிறம் இறங்கிவரும். வெர்மான்ட்டின் வடகிழக்கு மூலையில் செப்டம்பர் கடைசி வாரத்திலேயே தொடங்கிவிடும். ஸ்டோ, ஃபிரான்கோனியா பகுதிகளில் அக்டோபர் முதல் பத்து நாட்கள். மாசசூசெட்ஸின் பெர்க்ஷயர் மலைகளில் அக்டோபர் நடுப்பகுதி. கனெக்டிகட் கடலோரத்துக்கு மாதக் கடைசி. ஒரு ராத்திரி பலத்த காற்றும் மழையும் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் மாறும்.

ஆர்.வி.யையும் முகாம் இடத்தையும் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்தாக வேண்டும். இலையின் நிலவரமோ ஒரு வாரத்துக்கு முன்னால்தான் தெரியும். அதனால் அக்டோபர் 1 முதல் 10 வரையிலான நாட்களில் ஒரு வாரத்தைப் பிடித்துக்கொண்டு, மலையடிவார ஊர் ஒன்றில் இரண்டு மூன்று இரவு தங்குங்கள். கீழே இன்னும் பச்சையாக இருந்தால் மேலே ஏறிப் பாருங்கள், மேலே உதிர்ந்திருந்தால் பள்ளத்தாக்குக்கு இறங்குங்கள். அரை மணி நேர ஓட்டத்தில் ஒரு வாரத்து வித்தியாசத்தைப் பார்க்கலாம். நாங்கள் முதல் மூன்று நாளும் தினம் ஓர் ஊர் என்று ஓடி, பார்த்ததைவிட ஓட்டியதே அதிகம்.

அக்டோபர் இரண்டாவது திங்கட்கிழமை கொலம்பஸ் தின விடுமுறை. அதையொட்டி வரும் வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். பாஸ்டனும் நியூயார்க்கும் மொத்தமாக அங்கேதான் இருக்கும். பிள்ளைகளுக்கு இரண்டு நாள் பள்ளி விடுப்பு எடுத்தாவது வார நாட்களில் போவதே மேல்.

2. வண்டி: பெரிதாக வேண்டாம்

ஆர்.வி.யில் மூன்று வகை. கிளாஸ் ஏ என்பது பஸ் அளவு. கிளாஸ் பி என்பது வேன், இரண்டு பேருக்குச் சரி. குடும்பத்துக்கு ஏற்றது கிளாஸ் சி, அதாவது ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை துருத்திக்கொண்டிருக்கும் வகை. 25 அடி, 30 அடி என இரண்டு நீளங்களில் பரவலாகக் கிடைக்கும். ஐந்து பேர் என்றாலும் 25 அடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நியூ இங்கிலாந்து எனப்படும் இந்த வடகிழக்கு மாநிலங்களின் சாலைகள் குறுகல், வாகன நிறுத்தங்கள் அதைவிடக் குறுகல்.

கையில் எடுத்ததும் நாடாவை வைத்து, தரையிலிருந்து கூரை மேலுள்ள ஏ.சி. பெட்டியின் உச்சிவரை அளந்துவிடுங்கள். கிளாஸ் சி வண்டி ஏறத்தாழ 12 அடி உயரம் இருக்கும். அந்த எண்ணைத் தாளில் பெரிதாக எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். ஏன் என்பது ஆறாவது படியில் வரும்.

3. விளம்பர வாடகை வேறு, செலவு வேறு

"ஒரு இரவுக்கு 165 டாலர்" என்று பார்த்துத்தான் நாங்கள் பதிவு செய்தோம். ஆறு இரவுகளுக்கு எங்களுக்கு ஆன கணக்கு இதோ: வாடகை 990, ஓடிய 940 மைலுக்கு மைலுக்கு 40 சென்ட் வீதம் 376, கூடுதல் காப்பீடு 180, வண்டியைத் தயார்செய்து தரும் கட்டணம் 95, ஜெனரேட்டர் ஓடிய 11 மணி நேரத்துக்கு 44, வரி 120, பெட்ரோல் 388, முகாம் கட்டணம் 390, சுங்கம் 60. மொத்தம் 2,643 டாலர். ஓர் இரவுக்கு 440 ஆகிறது! சாதாரண விடுதியில் இரண்டு அறையும் ஒரு காரும் எடுத்திருந்தாலும் இதே அளவுதான் ஆகியிருக்கும். பணம் மிச்சம் பிடிக்க ஆர்.வி. எடுப்பதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அம்மாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பதற்காக நாங்கள் எடுத்தோம்.

பெட்ரோல் விஷயத்தில் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். கேலனுக்கு எட்டு மைல் கிடைத்தது. பாத்திரம், போர்வைக்கு நிறுவனங்கள் தனியாகக் கட்டணம் வாங்கும். வீட்டிலிருந்தே கொண்டுபோனால் நூறு டாலருக்கு மேல் மிச்சம். எவர்சில்வர் டம்ளர்களை மட்டும் துண்டில் சுற்றி வையுங்கள். நாங்கள் அப்படியே அலமாரியில் அடுக்கிவிட்டோம். நெடுஞ்சாலை முழுக்கக் கோயில் மணிபோல் சத்தம், ஒரு வளைவில் கதவு திறந்து எல்லாம் உருண்டு வந்தன.

நியூயார்க் மாநிலத்தின் நெடுஞ்சாலையில் 7 அடி 6 அங்குலத்துக்கு மேல் உயரமான வண்டிகளுக்குச் சுங்க வகுப்பே வேறு. காரில் போகும்போது கட்டிய தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

4. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

ஓட்டுநர் உரிமம்: வாடகைக்குக் கிடைக்கும் கிளாஸ் சி வண்டிகளுக்குச் சாதாரண கார் உரிமமே போதும். வண்டி எடுக்கும் நாளில் அது செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பதில்தான் சிக்கல். விசாவில் இருப்பவர்களின் உரிமம் பெரும்பாலும் ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்ததற்கும் எதுவரை தங்கலாம் என்பதற்குமான பதிவு) தேதியோடு சேர்ந்தே முடியும். புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீதைக் காட்டினால் கவுன்ட்டரில் ஏற்பார்கள் என்று நம்பிப் போகாதீர்கள். இரண்டு பேர் ஓட்டுவதானால் இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது விபத்து நடந்தால் காப்பீடு கிடைக்காமல் போகலாம்.

இந்திய உரிமத்தோடு வரும் தம்பியோ மச்சானோ ஓட்டுவதாக இருந்தால், சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிவரச் சொல்லுங்கள். ஓராண்டுக்குச் செல்லும். இங்கே வந்தபின் வாங்க முடியாது.

கடன் அட்டை: ஓட்டுபவர் பெயரிலேயே இருக்க வேண்டும். டெபாசிட்டுக்கு டெபிட் அட்டையைப் பல இடங்களில் வாங்குவதில்லை. கடன் அட்டை தரும் வாடகைக் கார் காப்பீடு ஆர்.வி.க்குப் பெரும்பாலும் பொருந்தாது. உங்கள் சொந்தக் கார் காப்பீடும் பல சமயங்களில் அப்படித்தான். இரண்டு நிறுவனத்துக்கும் தொலைபேசியில் பேசி, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். நிறுவனம் தரும் காப்பீட்டிலும் கூரைச் சேதம் சேருமா என்று தனியாகக் கேளுங்கள். பல ஒப்பந்தங்களில் அது சேராது. புதியவர்கள் அதிகம் இடிப்பதோ கூரையைத்தான்.

குடியேற்ற ஆவணங்கள்: இதை மற்றவர்கள் சொல்லமாட்டார்கள். வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயரின் வடபகுதிகள் கனடா எல்லைக்கு 100 மைலுக்குள் இருக்கின்றன. எல்லைக் காவல் படையினர் நெடுஞ்சாலையில் வண்டிகளை நிறுத்திக் கேட்பது அங்கே நடந்திருக்கிறது. 18 வயது நிறைந்த, குடிமக்கள் அல்லாதவர்கள் பதிவுச் சான்றைக் கூடவே வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கிரீன் கார்டு உள்ளவர்கள் அட்டையையும், மற்றவர்கள் பாஸ்போர்ட்டையும் ஐ-94 அச்சுப் பிரதியையும் எடுத்துச் செல்லுங்கள். பெற்றோரின் பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வீட்டு பீரோவில் பூட்டிவிட்டுக் கிளம்புவது நம் வழக்கம். இந்தப் பயணத்துக்கு அது உதவாது.

5. இரவு தங்கும் இடம்

வெர்மான்ட் மாநிலப் பூங்காக்களில் 11 மாதங்களுக்கு முன்பே பதிவு தொடங்கிவிடும். இடங்கள் அழகு, கட்டணமும் குறைவு. ஆனால் எதிலும் மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் இணைப்பு கிடையாது. நியூ ஹாம்ப்ஷயரில் கான்கமேகஸ் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள தேசிய வன முகாம்களும் அப்படியே. அவற்றில் சில முன்பதிவுக்கு, சில முதலில் வருவோருக்கு. மூன்று இணைப்பும் வேண்டுமென்றால் தனியார் முகாம்தான். அங்கே இலைக் காலத்தில் 60 முதல் 90 டாலர் வரை கேட்டார்கள்.

என் யோசனை: முதல் இரவும் கடைசி இரவும் மூன்று இணைப்பும் உள்ள முகாம். நடுவில் இரண்டு இரவு காட்டுக்குள். முதல் இரவில் வண்டியைப் பழகிக்கொள்ளலாம், கடைசி இரவில் தொட்டிகளைக் காலி செய்துவிடலாம்.

பல முகாம்கள் கொலம்பஸ் தினத்தோடு மூடிவிடும். அக்டோபர் 15க்குப் பிறகு போவதானால் திறந்திருக்கிறதா என்பதைக் கேட்டபின் பாதையைப் போடுங்கள்.

விறகை ஊரிலிருந்து ஏற்றிச் செல்லாதீர்கள். மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் பரவும் என்பதால் வெளிமாநில விறகுக்கு வெர்மான்ட், நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் மூன்றிலும் தடை. வெப்பத்தில் பதப்படுத்திய முத்திரை விறகுக்கு மட்டும் விலக்கு. முகாம் வாசலிலேயே கட்டுக்கட்டாக விற்பார்கள்.

6. பாதை: இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள்

கைப்பேசியின் வரைபடச் செயலி உங்களைக் கார் என்றே நினைக்கும். எங்களுக்கு முதல் ஒரு மணி நேரத்திலேயே அது பாலிசேட்ஸ் பார்க்வேயைக் காட்டியது. பார்க்வே என்று பெயர் வரும் சாலைகளில் நியூயார்க் வட்டாரத்தில் பல, கார்களுக்கு மட்டுமே. அவற்றின் கல் பாலங்கள் தாழ்வானவை. நுழைவு வளைவில் "கார்கள் மட்டும்" என்ற பலகையைப் பார்த்தவுடன் ஓரங்கட்டி, விளக்குகளைச் சிமிட்டவிட்டு, கணவர் பின்னால் நின்று கை காட்ட, அங்குலம் அங்குலமாகப் பின்னே வந்தேன். நாற்பது நிமிடம். அம்மா பின்னிருக்கையில் கந்த சஷ்டி கவசத்தை இரண்டு முறை முடித்துவிட்டார்.

அதனால் வண்டியின் உயரம், நீளம், புரொப்பேன் எரிவாயு சிலிண்டர் விவரங்களை உள்ளிடக்கூடிய ஆர்.வி. வழிகாட்டிச் செயலி ஒன்றுக்குப் பணம் கட்டுங்கள். மொத்தச் செலவில் அது தூசு. அதோடு இந்தப் பட்டியலையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டகோனிக், ஹட்சின்சன் ரிவர், கனெக்டிகட்டின் மெரிட் ஆகிய பார்க்வேக்களும் பாஸ்டனின் ஸ்டாரோ டிரைவும் வேண்டவே வேண்டாம். ஸ்டாரோ டிரைவில் லாரிக் கூரை கிழிவது வருடாவருடம் செய்தியில் வருகிறது. பாஸ்டன் சுரங்கச் சாலைகளில் புரொப்பேன் ஏற்றிய வண்டிகளுக்குத் தடை உண்டு.

வெர்மான்ட்டின் 108ஆம் சாலையில் ஸ்டோவுக்கும் ஜெபர்சன்வில்லுக்கும் நடுவே ஸ்மக்லர்ஸ் நாட்ச் என்ற கணவாய். வீடளவு பாறைகளுக்கு இடையே சாலை வளைந்து நெளியும். நீளமான வண்டிகளுக்குத் தடை, ஆனாலும் லாரிகள் உள்ளே போய் மாட்டுவது நிற்கவில்லை. 25 அடிக்குச் சட்டப்படி தடை இல்லாமல் இருக்கலாம், நான் ஓட்டமாட்டேன். வாரன் பக்கமிருந்து ஏறும் லிங்கன் கேப் செங்குத்து ஏற்றம், அதுவும் வேண்டாம். மவுன்ட் வாஷிங்டன் உச்சிக்குப் போகும் தனியார் சாலையில் ஆர்.வி.யை விடமாட்டார்கள்.

மூடிய மரப்பாலங்கள் படம் எடுக்க மட்டுமே. கான்கமேகஸ் சாலையோரமுள்ள ஆல்பனி மரப்பாலத்தின் உயரம் 8 அடிகூட இல்லை.

தைரியமாகப் போகக்கூடியவை: வெர்மான்ட்டைத் தெற்கு வடக்காகத் தொட்டுச் செல்லும் 100ஆம் சாலை, நியூ ஹாம்ப்ஷயரின் ஐ-93இல் ஃபிரான்கோனியா நாட்ச், பிறகு கான்கமேகஸ். இது லிங்கனிலிருந்து கான்வே வரை சுமார் 34 மைல். இடையில் பெட்ரோல் நிலையம் ஒன்றுகூடக் கிடையாது, கைப்பேசி அலைவரிசையும் பெரும்பாலும் இல்லை. லிங்கனிலேயே தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். காட்சி முனைகளில் ஆர்.வி. நிறுத்த இடம் வேண்டுமென்றால் காலை 8 மணிக்குள் நுழைந்துவிட வேண்டும். எங்களுடைய நாற்பது நிமிடம் கிடைத்தது அங்கேதான், 2,855 அடி உயரக் கணவாய்க்குக் கொஞ்சம் கீழே, ஏழரை மணிக்கு. பனி விலக விலக ஒவ்வொரு வரிசை மரமாகத் தெரிந்தது. முன்னால் பிர்ச் மஞ்சள், அதற்குப் பின்னால் மேப்பிள் சிவப்பு, அதற்கும் பின்னால் ஊசியிலை மரங்களின் கரும்பச்சை. "இலை பார்க்கவா இவ்வளவு செலவு?" என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா காபியை ஆறவிட்டுவிட்டார்.

சமூக வலைத்தளத்தில் பார்த்த பண்ணைப் படத்தைத் தேடி வெர்மான்ட்டின் பாம்ஃப்ரெட் கிராமத்துக்குப் போகாதீர்கள். கூட்டம் தாங்காமல் 2023 முதல் இலைக் காலத்தில் வெளியாருக்குச் சாலையையே மூட ஆரம்பித்துவிட்டார்கள்.

மெய்ன் மாநிலத்தின் அகேடியா தேசியப் பூங்காவரை நீட்டிக்கும் எண்ணம் இருந்தால் இரண்டு விஷயம். கேடிலாக் மலையுச்சிச் சாலைக்கு வாகன முன்பதிவு தேவை, அதிலும் ஆர்.வி.யை அனுமதிப்பதில்லை. 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு அந்தப் பூங்காவில் ஆளுக்கு 100 டாலர் கூடுதல் கட்டணம். பெற்றோர் சுற்றுலா விசாவில் வந்திருந்தால் இதையும் கணக்கில் சேருங்கள்.

ஓட்டும்போது ஒன்று. பின் சக்கரத்துக்குப் பின்னால் வண்டி நிறைய நீண்டிருக்கும். நீங்கள் இடப்பக்கம் திரும்பினால் வால் வலப்பக்கம் வீசும். பெட்ரோல் நிலையத்தின் மஞ்சள் தூண்கள் கீறுவது இப்படித்தான். தூணைத் தாண்டி நேராக முன்னே வந்த பிறகே திருப்புங்கள்.

7. குளிர், மின்சாரம், தாளிப்பு

அக்டோபர் ராத்திரியில் அந்த மலைகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போவது சாதாரணம். இணைப்பு இல்லாத முகாமில் புரொப்பேன் ஹீட்டர் ஓடும், ஆனால் அதன் விசிறி வண்டியின் பேட்டரியில் ஓடுகிறது. எங்களுக்கு அதிகாலை மூன்று மணிக்குப் பேட்டரி இறங்கி, எல்லாம் நின்றுவிட்டது. ஜெனரேட்டரைப் போடலாமென்றால் இரவு அமைதி நேரத்தில் அனுமதி இல்லை. ஐந்து பேரும் இருந்த போர்வை அனைத்தையும் போர்த்திக்கொண்டு ஆறு மணிக்காகக் காத்திருந்தோம். மாலையிலேயே இரண்டு மணி நேரம் ஜெனரேட்டரை ஓட்டிப் பேட்டரியை நிரப்புங்கள், ஹீட்டரைக் குறைத்து வையுங்கள், கம்பளி ஒன்றுக்கு இரண்டாக எடுங்கள். தண்ணீர் இணைப்பு உள்ள இடத்தில் படுக்கப்போகும் முன் குழாயைக் கழற்றி வடித்துவிடுங்கள். இல்லையென்றால் காலையில் அது தடிபோல் விறைத்துக் கிடக்கும்.

30 ஆம்பியர் இணைப்பில் மொத்தம் 3,600 வாட். மின் ஹீட்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, மைக்ரோவேவ் மூன்றையும் சேர்த்துப் போட்டால் சுவிட்ச் விழுந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்று.

வண்டிக்குள் கடுகு தாளிக்காதீர்கள். புகை எச்சரிக்கை மணி படுக்கைக்கு நேர் மேலே இருக்கிறது. வீட்டிலேயே புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் செய்து எடுத்துக்கொண்டு, அங்கே சோறு மட்டும் வடித்தால் போதும். தாளித்தே ஆக வேண்டுமென்றால் வெளியே மேசையில் கேம்ப் அடுப்பு.

8. கழிவுத் தொட்டி

யாரும் பேச விரும்பாத படி. வண்டியில் மூன்று தொட்டி: நல்ல தண்ணீர், குளியலும் பாத்திரமும் கழுவிய சாம்பல் நீர், கழிப்பறையின் கருப்பு நீர். கையுறை போட்டு, குழாயை வண்டியிலும் தரையிலுள்ள துளையிலும் இறுக்கமாகப் பொருத்தி, முதலில் கருப்பைத் திறக்க வேண்டும். அது முழுதாக வடிந்து மூடிய பிறகு சாம்பல் நீரைத் திறந்தால், அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். வரிசையை மாற்றினால் குழாயோடு உங்கள் நாளும் நாறும்.

இணைப்பு உள்ள முகாமில் கருப்புத் தொட்டியின் வால்வை எப்போதும் திறந்தே வைக்கலாமே என்று தோன்றும். கூடாது. தண்ணீர் ஓடிவிட்டுத் திடக்கழிவு அடியில் கெட்டியாகத் தங்கிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் ஒரேயடியாகத் திறந்துவிடுங்கள். ஆர்.வி.க்கு என்று விற்கும் மெல்லிய காகிதம் மட்டும் போடுங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் கை கழுவும் பழக்கத்தால் தண்ணீர் அதிகம் செலவாகும், ஐந்து பேருக்குத் தொட்டி இரண்டு நாளில் நிரம்பும். முகாமின் பொதுக் கழிப்பறையையும் குளியலறையையும் முடிந்தவரை பயன்படுத்துவதே நல்லது.

9. எடுக்கும்போதும் திருப்பித் தரும்போதும்

எடுக்கும் நாளில் விளக்கம் சொல்லும் ஊழியர் இருபது நிமிடத்தில் எல்லாவற்றையும் ஓட்டிவிடுவார். முழுவதையும் காணொளியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், அன்று ராத்திரியே தேவைப்படும். கூரை, பின் மூலைகள், டயர், வெயில் மறைப்பு, உள்ளே தரை என எல்லாவற்றையும் படமெடுங்கள். மைல் கணக்கையும் ஜெனரேட்டர் மணிக் கணக்கையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். நாங்கள் ஜெனரேட்டர் கணக்கை எடுக்க மறந்தோம். திருப்பித் தரும்போது 19 மணி நேரம் என்றார்கள். முந்தைய வாடகைதாரரின் ரசீதை அவர்களே தேடிப் பார்த்து 11 என்று ஒப்புக்கொள்ள முக்கால் மணி நேரம் ஆயிற்று.

திருப்பித் தரும் நேரம் பெரும்பாலும் காலை. அதனால் கடைசி இரவு நிறுவனத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவுக்குள் தங்குங்கள். தொட்டிகள் காலி, பெட்ரோல் எடுத்த அளவு, தரை பெருக்கியது. இந்த மூன்றில் எது குறைந்தாலும் டெபாசிட்டில் கழிப்பார்கள். எங்கள் 500 டாலரில் 35ஐப் பிடித்துக்கொண்டார்கள். இருக்கைக்கு அடியில் பருப்புப் பொடி சிந்திக் கிடந்ததாம். மீதி ஒன்பதாம் நாள் அட்டைக்கு வந்தது.